ஓடிப்போன அதிபரும் ஒரு கணக்கரின் காகிதக் கட்டும்: ஹிசென் ஹப்ரே வழக்கு

1990 டிசம்பர் முதல் தேதி. ஆப்பிரிக்காவின் நடுவில் கடற்கரையே இல்லாத சாட் நாட்டின் தலைநகர் என்ஜமேனாவில், சிறைக் காவலர்கள் திடீரென்று காணாமல் போனார்கள். அதிபர் ஹிசென் ஹப்ரே தன் பழைய தளபதி இத்ரிஸ் டெபியிடம் தோற்று கேமரூன் பக்கம் ஓடியிருந்தார். அங்கிருந்து செனகல் தலைநகர் டக்காருக்குப் போய்ச் சேர்ந்தார். திறந்து கிடந்த சிறைகளிலிருந்து எலும்பும் தோலுமாக மனிதர்கள் வெளியே வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் சுலைமான் கெங்கெங். சாட் ஏரி வடிநில ஆணையத்தில் கணக்கராக இருந்தவர். 2 வருடத்துக்கு மேல் உள்ளே கிடந்தார். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப் போனதைப் பார்த்து, உயிரோடு வெளியே போனால் இதையெல்லாம் உலகத்துக்குச் சொல்வேன் என்று சத்தியம் செய்துகொண்டார். வெளியே வந்ததும் கணக்கருக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்தார். பதிவு எழுதினார். மற்ற கைதிகளையும், செத்தவர்களின் வீட்டாரையும் தேடிப் போய், என்ன நடந்தது என்று கேட்டுப் படிவம் படிவமாகச் சேர்த்தார். மொத்தம் 792 பேருடைய வாக்குமூலம். புதிய ஆட்சியிலும் பழைய சித்திரவதைக்காரர்கள் பதவிகளில் உட்கார்ந்திருந்ததால் மிரட்டல் வந்தது. அவர் அந்தக் கட்டை வீட்டில் ஒளித்து வைத்தார். ஏறக்குறைய 8 வருடம் அது அங்கேயே கிடந்தது.

சர்வதேசச் சட்டம் படிக்க வரும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதை யார் சார் அமல்படுத்துவது? போலீஸ் இருக்கா?" இல்லை. ஐ.நா.வுக்கென்று கைது செய்யும் போலீஸ் கிடையாது. அப்படியிருந்தும் ஹப்ரே கடைசியில் ஆயுள் கைதியாகச் செத்தார். தண்டனை வருவதற்குள் 25 வருடம் போயிற்று. அந்த 25 வருடத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால், மனித உரிமைச் சட்டம் எங்கே வேலை செய்கிறது, எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பது பாடப்புத்தகத்தைவிட நன்றாகப் புரியும்.

ஹப்ரேயின் ஆட்சி

1982 ஜூன் 7 முதல் 8 வருடம் ஆண்டார். லிபியாவின் கடாபிக்கு எதிரி என்பதால் அமெரிக்காவும் பிரான்சும் பணமும் ஆயுதமும் கொடுத்துத் தாங்கின. 1983 ஜனவரியில் ஆவண, பாதுகாப்பு இயக்குநரகம் என்று ஓர் அமைப்பை உருவாக்கினார். பிரெஞ்சில் சுருக்கமாக டிடிஎஸ். பெயரைக் கேட்டால் நூலகம் மாதிரி இருக்கும்; உண்மையில் அதிபருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட ரகசியப் போலீஸ். பிரெஞ்சு ஆட்சிக் காலத்து நீச்சல் குளம் ஒன்றின் மேலே கான்கிரீட் போட்டு மூடி, உள்ளே தடுப்புச் சுவர் எழுப்பி, நிலத்தடிச் சிறை ஆக்கினார்கள். அதன் பெயர் 'லா பிசீன்', அதாவது நீச்சல் குளம்தான். தெற்கே சாரா மக்கள், பிறகு ஹஜராய், ஜகாவா என்று இனம் இனமாக வேட்டை நடந்தது.

ஹப்ரே போன பிறகு சாட் அரசு அமைத்த விசாரணை ஆணையம் 1992-ல் அறிக்கை கொடுத்தது. செத்தவர்கள் 40,000 பேர் இருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. அறிக்கை வந்ததோடு சரி. டெபி அதை அலமாரியில் வைத்துவிட்டார். அதற்குக் காரணமும் இருந்தது. 1984-ல் தெற்கில் பெரும் கொலைகள் நடந்தபோது ராணுவத்துக்குத் தலைமை தாங்கியவர் அவரேதான்.

உடன்படிக்கையின் ஒரு வரி

இப்போது செனகல் பக்கம் வருவோம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையைப் பொதுச்சபை 1984 டிசம்பரில் ஏற்றது. 1987 ஜூன் 26-ல் அது நடைமுறைக்கு வந்தது. செனகல் 1986 ஆகஸ்டிலேயே அதை உறுதிப்படுத்திவிட்டது.

'கையெழுத்து', 'உறுதிப்படுத்தல்' இரண்டும் ஒன்றில்லை. கையெழுத்து நிச்சயதார்த்தம் மாதிரி. உறுதிப்படுத்துவதுதான் தாலி கட்டுவது. அதற்குப் பிறகுதான் நாடு முழுமையாகக் கட்டுப்படும். இந்தியா இதே உடன்படிக்கையில் 1997 அக்டோபரில் கையெழுத்துப் போட்டது. 2010-ல் ஒரு மசோதா மக்களவையைத் தாண்டி, மாநிலங்களவையில் தேங்கி, காலாவதியானது. நிச்சயதார்த்தம் முடிந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது, கல்யாணம் நடக்கவில்லை. இலங்கை 1994 ஜனவரியில் சேர்ந்து, அதே வருடம் 22-ஆம் இலக்கச் சட்டத்தையும் இயற்றியது. சட்டம் இருந்தால் சித்திரவதை நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது வேறு கதை.

இந்த உடன்படிக்கையின் 7-ஆவது விதிதான் நம் வழக்கின் அச்சாணி. சித்திரவதை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் உங்கள் மண்ணில் இருக்கிறார் என்றால், அவரை வேறு நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கவில்லையென்றால், வழக்குத் தொடர்வதற்காக விஷயத்தை உங்கள் அதிகாரிகள் முன் வைக்க வேண்டும். அவர் எந்த நாட்டுக்காரர், எங்கே செய்தார், யாருக்குச் செய்தார் என்பதெல்லாம் பொருட்டில்லை. சட்டப் புத்தகங்கள் இதை 'ஆவுட் டெடேரே ஆவுட் யூடிகாரே' என்று லத்தீனில் சொல்லிப் பயமுறுத்தும். கொடு, இல்லையென்றால் விசாரி. அவ்வளவுதான். சும்மா வைத்திரு என்பது அதில் இல்லை.

செனகல் 9 வருடம் சும்மா வைத்திருந்தது.

முதல் முயற்சி, முதல் அடி

1998 அக்டோபரில் சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசெட் லண்டன் மருத்துவமனையில் கைதானார். முன்னாள் அதிபர் என்பதால் வழக்கிலிருந்து கிடைக்கும் விலக்குரிமை சித்திரவதைக்குச் செல்லாது என்று, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1999 மார்ச்சில் சொன்னது. அந்தச் செய்தி என்ஜமேனாவரை போயிற்று. சாட்டின் வழக்கறிஞர் டெல்பின் ஜிரைபே, மனித உரிமைக் கண்காணிப்பகத்தை (ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்) அணுகினார். அந்த அமைப்பின் வழக்கறிஞர் ரீட் பிராடி இதைக் கையில் எடுத்தார். கெங்கெங்கின் கட்டு வெளியே வந்தது.

2000 ஜனவரி 26-ல் பாதிக்கப்பட்ட 7 பேர் டக்கார் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார்கள். பிப்ரவரி 3-ல் நீதிபதி டெம்பா கன்ஜி, சித்திரவதைக்கு உடந்தை என்று ஹப்ரே மீது குற்றம் சாட்டி, வீட்டுக் காவலில் வைத்தார். ஆப்பிரிக்க நாடு ஒன்றில் வேறோர் ஆப்பிரிக்க நாட்டு முன்னாள் அதிபர் மீது மனித உரிமைக் குற்றச்சாட்டு வந்தது அதுவே முதல் முறை.

மார்ச்சில் செனகலில் தேர்தல். அப்துலாய் வாட் அதிபரானார். ஹப்ரேயின் வழக்கறிஞர்களில் ஒருவர் அவருடைய சட்ட ஆலோசகரானார். நீதிபதி கன்ஜி அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். ஜூலையில் மேல் அமர்வு வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2001 மார்ச்சில் உச்ச மட்ட நீதிமன்றமும் அதையே சொன்னது.

அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும், நீதிமன்றம் எழுத்தில் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. செனகல் 1996-ல் சித்திரவதையைத் தண்டனைச் சட்டத்தில் குற்றமாகச் சேர்த்தது. ஆனால் வெளிநாட்டில் வெளிநாட்டவர் செய்த குற்றத்தை விசாரிக்கும் அதிகார வரம்பைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எழுதவில்லை. ஆகவே எங்களுக்கு அதிகாரமில்லை. உடன்படிக்கையின் 5-ஆவது விதி அந்த அதிகாரத்தை உண்டாக்கத்தான் சொல்கிறது, செனகல் 14 வருடமாக அதைச் செய்யவில்லை. தான் செய்யாத வேலையையே காரணமாகக் காட்டித் தப்பிப்பது என்றால் இதுதான். இந்த ஓட்டை செனகலுக்கு மட்டும் உரியதும் அல்ல. நியூயார்க்கில் ஐ.நா.விடம் உறுதிப்படுத்தும் ஆவணத்தைக் கொடுத்துவிட்டு, ஊருக்கு வந்து உள்நாட்டுச் சட்டத்தைத் தொடாமல் விட்ட நாடுகள் ஏராளம். உடன்படிக்கைக்கும் நீதிமன்றக் கூண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் அங்கேதான் இருக்கிறது.

குப்பையாய்க் கிடந்த ஆதாரம்

பாதிக்கப்பட்டவர்கள் பெல்ஜியத்துக்குப் போனார்கள். எந்த நாட்டில் நடந்த கொடுங்குற்றத்தையும் விசாரிக்கலாம் என்று பெல்ஜியத்தில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. புகார் கொடுத்தவர்களில் சாட்டில் பிறந்து பெல்ஜியக் குடிமக்கள் ஆனவர்களும் இருந்தார்கள். இது பின்னால் உயிர்காத்தது. 2003-ல் அமெரிக்கா, நேட்டோ தலைமையகத்தையே பிரஸ்ஸல்ஸை விட்டு மாற்றவேண்டி வரும் என்கிற அளவுக்கு மிரட்ட, பெல்ஜியம் அந்தச் சட்டத்தைச் சுருட்டிக்கொண்டது. பெல்ஜியக் குடிமக்களும் புகார் கொடுத்திருந்ததால் ஹப்ரே வழக்கு பிழைத்தது.

அதற்கிடையில் 2001 மே மாதம் ரீட் பிராடியும் அவருடைய சகாவும் என்ஜமேனாவில் கைவிடப்பட்டுக் கிடந்த டிடிஎஸ் தலைமையகத்துக்குள் போனார்கள். தரை முழுக்கக் காகிதம். கைது அறிக்கை, விசாரணைக் குறிப்பு, மரணச் சான்று, உளவாளிகளின் பட்டியல் என்று பல்லாயிரக்கணக்கில். தூசியும் குப்பையுமாகப் பத்து வருடம் யாரும் சீண்டாமல் கிடந்தன. அவற்றைத் தொகுத்தபோது 12,321 பேரின் பெயர் வந்தது. அவர்களில் 1,208 பேர் காவலில் செத்தவர்கள் அல்லது கொல்லப்பட்டவர்கள். 898 கைதிகளைப் பற்றி ஹப்ரேக்கு நேரடியாகப் போன தகவல்கள் 1,265.

"எனக்குத் தெரியாமல் கீழே இருந்தவர்கள் செய்தார்கள்" என்பதுதான் எந்தச் சர்வாதிகாரிக்கும் முதல் எதிர்வாதம். அந்தக் கடைசி எண் அதை உடைத்தது. இன்னொரு காகிதமும் இருந்தது. போர்க்கைதிகள் சிலரை மருத்துவமனைக்கு மாற்றும்படி செஞ்சிலுவைச் சங்கம் கேட்டிருந்தது. அந்த வேண்டுகோளின் மேல், இனிமேல் செத்தால் தவிர எந்தப் போர்க்கைதியும் வெளியே போகக்கூடாது என்று ஒரு குறிப்பு. அது ஹப்ரேயின் கையெழுத்துதான் என்று பின்னர் கையெழுத்து நிபுணர் உறுதி செய்தார். கொடுமை செய்பவர்கள் ஏன் இவ்வளவு அக்கறையாகக் கோப்பு பராமரிக்கிறார்கள் என்பது எனக்கு என்றைக்கும் விளங்காத விஷயம். தண்டனை வரும் என்று கனவிலும் நினைக்காததால் இருக்கலாம்.

அதே ஆண்டு ஜூன் 11-ல், என்ஜமேனாவில் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு முன்னால் பெண்கள் நடத்திய அமைதியான ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் கையெறி குண்டு வீசியது. பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர் ஜாக்லின் முதெய்னாவின் காலில் சில்லுகள் பாய்ந்தன. டிடிஎஸ் ஆட்கள் மீது உள்ளூரில் வழக்குப் போட்டவர் அவர். ஒரு வருடத்துக்கு மேல் சிகிச்சை பெற்று, திரும்பி வந்து அதே வழக்கைத் தொடர்ந்தார்.

பந்து உதைத்த வருடங்கள்

2005 செப்டம்பரில் பெல்ஜிய நீதிபதி டேனியல் ஃபிரான்சன், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், சித்திரவதை ஆகியவற்றுக்காகப் பிடிவாரண்ட் பிறப்பித்தார். ஹப்ரேயை ஒப்படைக்கும்படி பெல்ஜியம் கேட்டது. டக்கார் நீதிமன்றம், முன்னாள் நாட்டுத் தலைவர் விஷயத்தில் எங்களுக்கு அதிகாரமில்லை என்றது. ஹப்ரேக்கு இருந்த விலக்குரிமையை 2002-லேயே சாட் அரசு கைவிட்டிருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. செனகல் அரசு பந்தை ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு உதைத்தது. 2006 ஜூலையில் பஞ்சுல் நகரில் கூடிய ஒன்றியம், ஆப்பிரிக்காவின் பெயரில் நீங்களே விசாரியுங்கள் என்று திருப்பி உதைத்தது.

அதற்குச் சற்று முன்பு, மே மாதம், ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான குழு, செனகல் உடன்படிக்கையை மீறியது என்று தீர்மானித்திருந்தது. தனிமனிதர் தன் புகாரை எடுத்துக்கொண்டு போகக்கூடிய இடம் இதுதான். நாடு அந்த அதிகாரத்தைத் தனியாக ஏற்றிருந்தால் மட்டுமே போகமுடியும், செனகல் ஏற்றிருந்தது. குழுவின் முடிவுக்கு மரியாதை உண்டு, பலவந்தம் கிடையாது. ஆனாலும் செனகல் அரசுக்கு வெட்கம் வந்ததோ, நன்கொடையாளர்கள் கேட்டார்களோ, 2007-ல் சட்டத்தைத் திருத்தியது, 2008-ல் அரசியலமைப்பையும். இனி அதிகாரம் இருக்கிறது. இப்போது பணம் இல்லை என்றது. விசாரணைக்கு 1,800 கோடி சி.எஃப்.ஏ. பிராங்க் (செனகலிலும் சாட்டிலும் புழங்கும் பணம்), ஏறக்குறைய 2 கோடியே 74 லட்சம் யூரோ வேண்டும் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

இங்கே ஒரு கேள்வி வரும்: இதற்கெல்லாம் நெதர்லாந்தின் ஹேக் நகரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கிறதே? இருக்கிறது; அதை உருவாக்கிய ரோம் சாசனத்தை உலகிலேயே முதலில் உறுதிப்படுத்திய நாடும் செனகல்தான். ஆனால் 2002 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு நடந்ததை மட்டுமே அது விசாரிக்கும். ஹப்ரேயின் குற்றங்கள் எல்லாம் அதற்கு முந்தியவை. ஹேக்கிலேயே இருக்கும் மற்றொன்று, சர்வதேச நீதிமன்றம், நாடுகளுக்கு இடையேயான வழக்கை மட்டும் எடுக்கும். கெங்கெங் அங்கே போய் நிற்க முடியாது. பெல்ஜிய அரசு போகலாம். 2009 பிப்ரவரி 19-ல் போனது.

அடுத்தது இந்த வழக்கிலேயே எனக்குப் பிடித்த திருப்பம். ஹப்ரே தானும் ஒரு மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்! மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பின் நீதிமன்றம் அது. 2007-ல் போட்ட சட்டத்தை வைத்து 1980-களின் செயலுக்கு என்னைத் தண்டிப்பது என் மனித உரிமையை மீறுவது என்பது அவர் வாதம். செய்தபோது குற்றமாக இல்லாததற்குப் பிறகு தண்டிக்கக்கூடாது என்பது நல்ல கொள்கை, அது அவருக்கும் பொருந்தும்தான். 2010 நவம்பரில் நீதிமன்றம் அவர் சொன்னதில் பாதியை ஏற்றது. செனகலின் சாதாரண நீதிமன்றம் விசாரிக்கக்கூடாது. சர்வதேசத் தன்மை கொண்ட சிறப்பு நீதிமன்றம் அமைத்தால் விசாரிக்கலாம் என்றது. அந்தச் செயல்கள் உலகம் முழுவதும் எழுதாத சட்டத்தின்படி அப்போதே குற்றம்தான் என்பது அதன் அடிப்படை. தப்பிக்கக் கேட்ட மனு, எப்படி விசாரிக்க வேண்டும் என்பதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டது.

2011 ஜூலையில் வாட்டுக்குப் பொறுமை போயிற்று. ஹப்ரேயைச் சாட்டுக்கே விமானம் ஏற்றி அனுப்பப் போவதாக அறிவித்தார். சாட்டில் அவருக்கு வேறொரு வழக்கில், அவர் ஆஜராகாமலேயே, மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அதைத் தடுக்கக் குரல் கொடுத்தவர் அப்போதைய ஐ.நா. மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை, டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். சித்திரவதை ஆபத்து உள்ள இடத்துக்கு எவரையும் அனுப்பக்கூடாது என்பது அதே உடன்படிக்கையின் 3-ஆவது விதி. எவரையும் என்றால் ஹப்ரேயையும்தான். செனகல் முடிவைக் கைவிட்டது. கொடியவனைக் காப்பாற்ற இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அன்றைக்கு விமானம் கிளம்பியிருந்தால் இந்த வழக்கே இருந்திருக்காது, ஒரு பிணம் மட்டும்தான் இருந்திருக்கும்.

2012 ஜூலை 20: ஹேக் சொன்னது

பெல்ஜியம் தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் அன்றுதான் தீர்ப்புச் சொன்னது. முதல் கேள்வி: பெல்ஜியத்துக்கு இதில் என்ன வேலை? குற்றம் நடந்தபோது பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட பெல்ஜியக் குடிமகன் இல்லை. நீதிமன்றம் சொன்ன பதிலை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஊர்ப் பொது ஏரிக்கரையை ஒருவன் உடைக்கிறான். தடுக்க வருபவனிடம் உன் வயல் எத்தனை ஏக்கர், உனக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்பார்களா? ஆயக்கட்டில் ஒருவன் என்றால் போதும். சித்திரவதை உடன்படிக்கையில் சேர்ந்த ஒவ்வொரு நாடும் மற்ற எல்லா நாடுகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறது. ஆகவே யார் மீறினாலும் சேர்ந்தவர்களில் யாரும் கேட்கலாம். இந்தத் தீர்ப்பில் மிக நீண்ட தூரம் போனது இந்த ஒரு பத்திதான். 2019-ல் ரோஹிங்கியாக்களுக்காக மியான்மர் மீது வழக்குப் போட்டது ஏழாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள சின்னஞ்சிறு காம்பியா. அதற்கு அந்த உரிமை உண்டு என்று ஹேக் 2022-ல் சொன்னபோது இந்தப் பத்தியைத்தான் கையில் எடுத்தது.

அடுத்து, செனகலின் சாக்குகள். பணமில்லை என்பது கடமையைத் தவறவிடக் காரணமாகாது. ஆப்பிரிக்க ஒன்றியத்திடம் கேட்டோம் என்பதும் ஆகாது. உள்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்பதும் ஆகாது; உடன்படிக்கையை நிறைவேற்றாததற்கு உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டக்கூடாது என்று உடன்படிக்கைகள் பற்றிய வியன்னா ஒப்பந்தத்தின் 27-ஆவது விதி சொல்கிறது. இன்னொரு நுணுக்கத்தையும் நீதிமன்றம் தெளிவாக்கியது. ஒப்படைப்பதும் விசாரிப்பதும் சமமான இரண்டு வழிகள் அல்ல. ஒப்படைப்பது நாட்டின் விருப்பம். வழக்குக்கு அனுப்புவது கடமை, தவறினால் பொறுப்பேற்க வேண்டும். சித்திரவதைத் தடை, எந்த நாடும் எந்த ஒப்பந்தம் போட்டும் விலக்கிக்கொள்ள முடியாத கட்டாய நெறி என்றும் அது பதிவு செய்தது.

தேதியில் மட்டும் கறாராக இருந்தது. உடன்படிக்கை செனகலுக்கு நடைமுறைக்கு வந்த 1987 ஜூன் 26-க்குப் பிந்தைய செயல்களுக்குத்தான் இந்தக் கடமை. அதற்கு முந்தைய 5 வருடத்துக்கு அந்த உடன்படிக்கையின்படி கடமை இல்லை. பினோசெட் வழக்கிலும் இதே மாதிரி தேதி வெட்டியது. 1984-ல் மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

முடிவு: ஒப்படைக்காவிட்டால் இனியும் தாமதிக்காமல் வழக்குக்கு அனுப்பு. நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமித்துச் சொன்ன வாக்கியம் அது.

கூண்டு

தீர்ப்பு வந்த நேரமும் நல்ல நேரம். 2012 மார்ச்சில் வாட் தோற்று மக்கி சால் அதிபராகியிருந்தார். தீர்ப்பு வந்த 5-ஆவது வாரத்தில் ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போட்டார். 2013 பிப்ரவரியில் செனகல் நீதிமன்ற அமைப்புக்குள்ளேயே ஆப்பிரிக்கச் சிறப்பு அமர்வுகள் தொடங்கின. தலைமை நீதிபதி வேற்று ஆப்பிரிக்க நாட்டவர். செலவு ஏறக்குறைய 86 லட்சம் யூரோ. முன்பு கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1982 முதல் 1990 வரை முழு ஆட்சிக்காலமும் அதன் வரம்பில் வந்தது. ஹேக்கில் விட்டுப்போன 5 வருடம் இங்கே உள்ளே வந்தது.

2013 ஜூன் 30-ல் கைது. 2015 ஜூலை 20-ல் விசாரணை தொடங்கியது. ஹப்ரே நீதிமன்றத்தை ஏற்க மாட்டேன் என்றார், அவருடைய வழக்கறிஞர்கள் வரவில்லை. நீதிமன்றம் 3 வழக்கறிஞர்களை நியமித்து, அவர்கள் கோப்பு படிக்க 45 நாள் கொடுத்தது. செப்டம்பரில் காவலர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வெள்ளை அங்கி, தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி. மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை. 93 சாட்சிகள் வந்து போனார்கள். சக கைதிகளின் பிணங்களைப் புதைக்கக் குழி வெட்டவைக்கப்பட்டவர் வந்தார். பாலைவன முகாமுக்கு அனுப்பப்பட்டு ராணுவத்தினரால் சீரழிக்கப்பட்ட பெண்கள், 25 வருடத்துக்கு மேலாக வீட்டில்கூடச் சொல்லாததை அங்கே சொன்னார்கள். கெங்கெங்கும் வந்தார்.

2016 மே 30-ல் நீதிபதி குஸ்தாவ் காம் ஆயுள் தண்டனை விதித்தார். மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், சித்திரவதை. ஒரு பெண்ணை ஹப்ரே தானே வன்புணர்வு செய்தார் என்ற குற்றமும் அதில் இருந்தது. 2017 ஏப்ரல் 27 மேல்முறையீட்டில் அந்த ஒன்றிலிருந்து மட்டும் விடுவிக்கப்பட்டார்: அந்தப் பெண் பொய் சொன்னார் என்பதால் அல்ல, குற்றப்பத்திரிகையில் அது முதலிலேயே இல்லை என்பதால். தனக்கெதிரான குற்றம் என்னவென்று முன்னரே தெரிந்துகொள்ளும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. மற்றபடி ஆயுள் தண்டனை நின்றது.

இந்த வழக்கை வானளாவப் புகழ்பவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போவதில்லை. கூண்டில் நின்றவர் ஒருவர். அவருக்கு ஆயுதம் கொடுத்த வாஷிங்டனிலும் பாரிஸிலும் யாரும் நிற்கவில்லை. 1984-ன் தளபதி டெபி, 2021 ஏப்ரலில் போர்முனையில் காயப்பட்டுச் சாகும்வரை அதிபராகவே இருந்தார். சாட்டின் உள்ளூர் நீதிமன்றம் 2015 மார்ச்சில் டிடிஎஸ் ஆட்கள் 20 பேரைத் தண்டித்தது உண்மைதான், அதுவும் டக்கார் விசாரணை நெருங்கிய பிறகு. செனகல் மீது வழக்குப் போடுமளவுக்கு பெல்ஜியத்துக்குத் துணிவு வந்ததற்கு, எதிரே நின்றது அமெரிக்கா இல்லை என்பதும் ஒரு காரணம். 2003-ல் நாம் பார்த்ததுதானே.

ஹப்ரே 2021 ஆகஸ்ட் 24-ல் டக்காரில் கொரோனாவில் செத்தார், 79 வயதில்.

இழப்பீட்டு விஷயம் பாக்கி இருந்தது. 7,396 பேருக்கு மொத்தம் சுமார் 8,229 கோடி பிராங்க் இழப்பீடு என்பது மேல்முறையீட்டுத் தீர்ப்பு. அதற்காக ஆப்பிரிக்க ஒன்றியம் ஒரு நிதியம் அமைப்பதாக ஏற்பாடு. வருடங்கள் போயின, வழக்குப் போட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்தார்கள். 2024 பிப்ரவரியில் சாட் அரசு தன் கணக்கில் 1,000 கோடி பிராங்க் ஒதுக்கி 10,700 பேருக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியது. சிறையில் சித்திரவதைப்பட்டுப் பிழைத்த ஒருவருக்கு நீதிமன்றம் எழுதிய தொகை 1 கோடியே 50 லட்சம் பிராங்க். கையில் வந்தது 9,25,000.